எட்டு நாற்காலி விருந்து

பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

அப்பா நலம். நானும் நலம். நீ, உன் வீட்டுக்காரி, பெரியவள், சின்னவள் நாலு பேரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா?

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போன் கூடத்தில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கவாதம் அவருடைய இடது கையையும் தொண்டையையும்தான் கெடுத்தது. காது மட்டும் பாம்புச் செவி. நான் சமையலறையில் பெருமூச்சு விட்டால்கூட "என்னம்மா?" என்று கேட்கிறார்.

மே மாதம் 24, ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் ஒரு விருந்து வைக்கப் போகிறேன். அப்பாவுக்கு எண்பத்தொன்று. பெரியம்மாவுக்கு எழுபத்தாறு, பல்செட், சர்க்கரை. அண்ணன், அண்ணி. நீங்கள் நாலு பேர். நான். நாலு வயதிலிருந்து எண்பத்தொன்று வரை ஒரே மேசை. நீ பெரிய ஓட்டலில் தலைமைச் சமையல்காரன். என்ன சமைக்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

எதற்கு இந்த விருந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நில அளவை அலுவலகம் கடலோரக் கிளையில் வரைபடப் பிரிவுக்கு என்னைத் தலைமையாகப் போடுகிறது. இரண்டு வருடம். ஜூலை முதல் தேதி சேர வேண்டும். ஜூன் முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆறு வருடமாக வீட்டு மேசையில் உட்கார்ந்து கடற்கரைகளை வரைந்து ஆள் மூலம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு கரையையாவது காலால் மிதித்துப் பார்க்க ஆசை. சாப்பாடு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்கப் போகிறேன், அப்பாவை யார் வைத்துக்கொள்கிறீர்கள் என்று. தனித்தனியாகக் கேட்டால் ஆளாளுக்கு நழுவுவீர்கள். முதல் ஆறு மாதம் நீ வைத்துக்கொள். நீ சரி என்றால் அண்ணனும் வழிக்கு வருவான்.

குழந்தைகளுக்கு என் முத்தம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் பரவாயில்லை. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாரா?

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கை பரபரவென்றது. பல வயதுக்காரர்கள் உட்காரும் மேசைக்கு எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஆளுக்கொரு சமையல் செய்யாதே. செய்தால் பெரியவர்கள் நோயாளி ஆகிவிடுவார்கள், குழந்தைகள் தொந்தரவு ஆகிவிடுவார்கள். ஒரே பானை, அதிலிருந்து பல கிண்ணம். அதுதான் சூட்சுமம்.

பூசணி சூப் வை. கெட்டியாக இருக்கும்போதே அப்பாவுக்கு எடுத்து வைத்துவிடு. பிறகு நீர்க்க விட்டு மற்றவர்களுக்கு. அண்ணனுக்கு மேலே மிளகு. சின்னவளுக்கு மேலே பாலாடையில் ஒரு முகம் வரை, கண்ணை முழுங்கினேன் மூக்கை முழுங்கினேன் என்று குடித்துவிடுவாள். எல்லோரும் ஒரே நிறத்தைக் குடித்தால் அப்பாவுக்குத் தன் கிண்ணம் தனி என்று தோன்றாது. பூசணியை வேகவைக்காதே, அடுப்பில் சுடு. தோலோடு. (அடுத்த மூன்று பக்கம் அதைப் பற்றித்தான். பொறுமையாகப் படி.)

அலுவலக விஷயம் எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். நேரில் பேசலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

அப்பாவும் நானும் நலமே. உங்கள் எல்லோர் நலத்தையும் எழுது.

பூசணிக்கு நாலு பக்கம். எனக்கு ஒன்றரை வரி. அடேயப்பா, அடுத்த பிறவியில் பூசணியாகப் பிறக்கிறேன், அப்போதாவது உன் கவனம் கிடைக்கும்.

ஆனால் சொன்னபடி செய்து பார்த்தேன். தோலோடு சுட்டதும் வீடே மணத்தது. அப்பா கூடத்திலிருந்து, "என்னம்மா, யாராவது வர்றாங்களா?" என்றார். இரண்டு கிண்ணம் குடித்தார், ஒரு முறைகூடப் புரையேறவில்லை.

அவர் சாப்பிடுவது உனக்கு நினைவிருக்கிறதா? நீ வரும்போதெல்லாம் சமையலறையிலேயே இருந்துவிடுகிறாய். ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம். முகவாய் நெஞ்சைத் தொட வேண்டும். சின்னக் கரண்டி. ஒரு வாய், காத்திருப்பு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது, அடுத்த வாய். தண்ணீர்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. என் நாள் முழுக்க இந்த நாற்பது நிமிடத் துண்டுகள்தான். இடையில் கிடைக்கும் நேரத்தில் கடற்கரை வரைகிறேன். தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டி நான் போய் பதினாலு மாதம் ஆகிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு மூச்சு முட்டுகிறது. அப்பா மேல் எனக்குக் கோபமில்லை, அதனால்தான் இன்னும் முட்டுகிறது.

நேரில் பேசலாம் என்று எழுதாதே. சரி அல்லது முடியாது, ஒன்றை எழுது. குழந்தைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் நலம். உனக்கும் அப்பாவுக்கும் வெயில் ஒத்துக்கொள்கிறதா?

இங்கே வீட்டில் ஒரு புரட்சி. பெரியவள் இனிமேல் கறி மீன் எதுவும் தொடமாட்டாளாம். பதினைந்து வயதில் நாம் எதை நிறுத்தினோம், கணக்கு வீட்டுப்பாடம் எழுதுவதைத்தான். சின்னவள் வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் சாப்பிடுகிறாள். பால்முகம் வரைந்தாலும் பூசணியைக் குடிக்கமாட்டாள் போலிருக்கிறது.

பயப்படாதே. வெள்ளை மீன் வாங்கு, முள் இல்லாத துண்டாக. காகிதத்தில் சுற்றி ஆவியில் வேகவிடு. சின்னவளுக்கு அப்படியே. பெரியம்மாவின் பல்செட்டுக்கும் அதுவே. அப்பாவுக்குப் பாலில் காய்ச்சிய சாறு விட்டு அரைத்து வடிகட்டி. பெரியவளுக்கு அதே சாற்றில் உருளைக்கிழங்கும் பட்டாணியும். அண்ணனுக்கு வறுத்த கோழி கொஞ்சம் வைக்காவிட்டால் அவன் விருந்து என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். கடைசியில் கஸ்டர்ட். பெரியம்மா கிண்ணத்தில் சர்க்கரை வேண்டாம், ஆனால் ஒரே மாதிரிக் கிண்ணத்தில் வை.

நீ கேட்டதைப் பற்றி வீட்டில் பேசினேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பாவை ஏற்றி இறக்குவது எப்படி என்று யோசனையாக இருக்கிறது. பார்க்கலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் வீடு ஏழு வருடமாக மூன்றாவது மாடியில்தான் இருக்கிறது. இந்த மாதம் ஏறிப்போய் உட்கார்ந்துகொள்ளவில்லை.

அண்ணனிடமும் வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தேன். அவன் வீட்டில் நாய் இருக்கிறதாம், அப்பா பயப்படுவாராம். அப்பா எப்போது நாய்க்குப் பயந்தார்? பெரியம்மா மட்டும் உண்மையைச் சொன்னாள். "எனக்கே ஆள் வேணும்டி" என்றாள். அவள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

நேற்று மேசையில் கடலோரக் கிளையின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். மதியம் சாப்பாடு கொடுக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவர் என் முகத்தையே பார்த்தார். கரண்டியை வாங்கிக்கொள்ளாமல், "நீ எங்கியோ போறியா?" என்று கேட்டார்.

"கடைக்குப்பா" என்றேன்.

"ம். போய்ட்டு வா" என்றார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

உன் மீன் யோசனை நல்ல யோசனை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முடியும், முடியாது, ஒரு வார்த்தை போதும்.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் கோபமும் நன்றாக இருக்கிறது என்று கடிதத்திலிருந்து தெரிந்தது.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. எஃகு சல்லடை, எங்கள் சமையலறையில் பயன்படுத்தும் ரகம். கண் அவ்வளவு நெருக்கம். அரைத்ததை இதில் ஒரு தடவை தேய்த்தால் போதும், அப்பாவுக்கு விழுங்கச் சுலபம், வேளைக்குப் பத்து நிமிடம் மிச்சமாகும். விருந்துக்கும் இதுதான் உயிர். சூப், மீன், கஸ்டர்ட் மூன்றையும் இதிலேயே வடிகட்டு. யார் தட்டைப் பார்த்தாலும் ஓட்டல் தட்டு மாதிரி இருக்க வேண்டும்.

உட்காரும் வரிசையும் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா மேசையின் தலைப்பக்கம், நீ அவருக்கு வலப்பக்கம். பெரியம்மா இடப்பக்கம். சின்னவள் அண்ணி பக்கத்தில். அண்ணிக்குக் குழந்தை ஊட்டப் பிடிக்கும்.

மற்றதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா. என்னைத் தப்பாக நினைக்காதே. அப்பாவுக்கு என் வணக்கம்.

தம்பி


மே 12

அன்புத் தம்பிக்கு,

அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்ததா?

சல்லடை வந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நன்றாக வேலை செய்கிறதே என்றுதான் கோபம். பத்து நிமிடம் என்றாய், பன்னிரண்டு மிச்சமாகிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போக, மருந்துக்கடைக்கு இரண்டு தடவையா?

ஆனால் உன் பட்டியல்படி எல்லாம் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன். ஒரே சிக்கல், ஆள் ஒன்பது, நாற்காலி எட்டு. பரவாயில்லை, பரிமாறுகிறவளுக்கு உட்கார எங்கே நேரம்?

நான் சொல்லப்போவதையும் சல்லடையில் தேய்த்துக்கொண்டே சொல்லிப் பழகுகிறேன். "ஜூலை ஒண்ணாம் தேதியிலேர்ந்து நான் இங்கே இருக்க மாட்டேன். அப்பா யாரோட இருப்பார்?" இவ்வளவுதான். சொன்ன பிறகு எல்லோரும் தட்டைப் பார்ப்பார்கள். அப்போது நீ ஒருவன் தலையை நிமிர்த்தினால் போதும். முழுக்க ஏற்றுக்கொள்ளக்கூட வேண்டாம். "யோசிக்கலாம், மூணு பேரும் பகிர்ந்துக்கலாம்" என்றாலே நான் பிழைத்துக்கொள்வேன்.

உன்னை நம்பித்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். பத்திரமாக வந்து சேருங்கள்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அவசரமாக எழுதுகிறேன். 24ஆம் தேதி ஓட்டலில் நானூறு பேருக்கு ஒரு பெரிய விருந்து வந்து விழுந்துவிட்டது. விடுப்பு கிடைக்கவில்லை. இவளும் குழந்தைகளும் வருவார்கள். கோழியை முந்தின நாளே ஊறவைத்துவிடு. மீனைக் கடைசியில் வை, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

மன்னித்துக்கொள். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மே 29

தம்பிக்கு,

அப்பா நலம். நான் இருக்கிறேன். உன் முழங்கால், உன் நானூறு பேர் எல்லாம் சௌக்கியமா?

நாற்காலிச் சிக்கல் தீர்ந்தது. எட்டுப் பேர், எட்டு நாற்காலி.

விருந்து எப்படி நடந்தது என்று உன் வீட்டுக்காரி சொல்லியிருப்பாள். நானும் சொல்கிறேன். ஒரு குறை கிடையாது. சின்னவள் வெள்ளைச் சூப் கேட்கவில்லை, பூசணியையே குடித்தாள், மூக்கை முதலில் முழுங்கினாள். பெரியம்மா மீனைத் தொட்டுவிட்டு, "முள்ளு பாக்க வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள், அப்புறம் கேட்கவே இல்லை. பெரியவள் தட்டைத் துடைத்து வைத்தாள். அப்பா எல்லோரோடும் ஆரம்பித்து எல்லோரோடும் முடித்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை. ஒரு இருமல் இல்லை. பெரியம்மா அதைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் எழுந்து நிற்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான். தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இவ இருக்கிற வரைக்கும் அப்பாவுக்கு என்ன குறை? நாங்க நிம்மதியா தூங்குறோம்னா இவளாலதான்." எல்லோரும் கை தட்டினார்கள். சின்னவளும் தட்டினாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் நான் பழகி வைத்ததைச் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல்.

அண்ணி சிரித்தாள், ஏதோ தமாஷ் என்று. அப்புறம், "இந்த மாதிரி யாரால செய்ய முடியும் சொல்லு? எங்க கையில கொடுத்தா அப்பா ஒரு வாரம் தாங்குவாரா?" என்றாள். உன் வீட்டுக்காரி, "அவர் இல்லாம நான் என்ன சொல்றது அண்ணி?" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன், "ரெண்டு வருஷம்தானே, அப்புறம் வேற வாய்ப்பு வராமலா போயிடும்" என்றான். அப்பா மேசை விரிப்பில் ஒரு சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

பெரியவள் ஒருத்திதான் என்னிடம் கேள்வி கேட்டாள். "அத்தை, அங்க கடல் ஜன்னல்லேர்ந்து தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். அது உண்மை, எனக்குத் தெரியாது.

தப்பு எங்கே என்று பாத்திரம் தேய்க்கும்போது புரிந்தது. சூப்பைக் கருகவிட்டிருக்க வேண்டும். அப்பாவுக்குப் புரையேற வேண்டும், நான் ஓட வேண்டும், அவர்கள் பயந்து எழ வேண்டும். அந்த நாற்பது நிமிடத்தை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நானோ அவ்வளவு கஷ்டத்தையும் உன் சல்லடையில் வடிகட்டிவிட்டு, வழவழவென்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினேன். சமையல் நன்றாக இருந்ததால் கதவு சாத்திக்கொண்டது.

திங்கட்கிழமை ஜூன் ஒன்று. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், உன் பதில் கடிதம் வர நேரமில்லை. போன் பண்ணு. அப்பா கேட்டாலும் பரவாயில்லை, இனி மறைக்க என்ன இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

24ஆம் தேதி நானூறு பேர் வரவில்லை. எனக்கு அன்று விடுமுறை. இவர்களை வண்டி ஏற்றிவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று தெரியாது, நாலு கிலோ.

சூப்பைக் கருகவிட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தாய். அது எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும். குறையில்லாத தட்டைப் பார்த்து யாரும் சமையல்காரனை மாற்ற மாட்டார்கள். தெரிந்தேதான் எழுதினேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன், அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், நீ மருந்துக்கடைக்குப் போனாய். அப்பா தண்ணீர் கேட்டார். நான் டம்ளரில் மொண்டு கொடுத்தேன். வெறும் தண்ணீர். ஒரு மடக்குதான். அவர் முகம் நீலமாகிவிட்டது. கண் என்னையே பார்த்தது. முதுகில் குத்தினேன், புரட்டினேன், என்ன செய்தேன் என்றே தெரியாது, கடைசியில் மூச்சு வந்தது. நீ வருவதற்குள் தரையைத் துடைத்துவிட்டேன். மறுநாள் விடுப்பு முடிந்தது என்று பொய் சொல்லிக் கிளம்பினேன்.

நானூறு பேருக்குச் சமைக்கிற எனக்கு அப்பா முன்னால் ஒரு கரண்டி பிடிக்கத் தைரியமில்லை. மாடிப்படி, லிஃப்ட் எல்லாம் சும்மா. ஜூன் ஒன்றாம் தேதி மூன்று முறை போனை எடுத்தேன். அப்பா பக்கத்தில் இருப்பார் என்று வைத்துவிட்டேன்.

நீ எதுவும் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

தம்பி


ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

அப்பா நலம். நான் நலமில்லை. இத்தனை வருடம் பழக்கதோஷத்தில் இரண்டையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

ஜூன் ஒன்றாம் தேதி போன் ஒரே ஒரு தடவை அடித்தது, நாலேமுக்காலுக்கு. ஓடிப்போய் எடுத்தேன். அண்ணி. மீனை எத்தனை நிமிடம் வைத்தாய் என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் பேசி, முடியாது என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்த இடத்துக்கு வேறொருவர் போய்விட்டார். அடுத்தது எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

நேற்று காலை அப்பா கேட்டார், "இன்னிக்குத்தானே ஒண்ணாம் தேதி? கடைக்குப் போகலியா?"

"கடைய மூடிட்டாங்கப்பா" என்றேன்.

அவர் மேசையில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியும். நீ கிளம்பின அன்றே அப்பா சொல்லிவிட்டார். வாய் குழறிக் குழறி, "அவன்கிட்ட கேக்காதே, பயந்துட்டான்" என்றார். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நானும் அவரும் வாயை மூடிக்கொண்டோம். எங்களிடமிருந்து தப்பிப்பதாக நினைத்து நீ மூடிக்கொண்டாய். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். இன்னொன்றும் கேள். அந்த முதல் மாதத்தில் என் கையால் அவருக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னால் எங்கேயும் ஓடவும் முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ பிப்ரவரியில் இதை எழுதியிருந்தால் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருப்பேன். பூசணி சுடுவதைவிடச் சுலபம். உன் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. தீரும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன்.

இன்னொரு விருந்து வைத்திருக்கிறேன். இதற்குப் பட்டியல் என்னுடையது. ஜூலை 19, ஞாயிறு காலை பதினொரு மணி. விருந்தாளி ஒருவர், வயது எண்பத்தொன்று. பரிமாறுகிறவன் நீ. பதார்த்தம் ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டு சின்னக் கரண்டி பொடி போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடு. கரண்டியைச் சாய்த்தால் தேன் மாதிரி இறங்க வேண்டும். அப்பா நிமிர்ந்து உட்கார வேண்டும், முகவாய் நெஞ்சில். அரைக் கரண்டி. தொண்டை ஏறி இறங்கும் வரை அவர் முகத்தையே பார். உன் கை நடுங்கினால் நடுங்கட்டும், அவர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "வரட்டும், தாகமாத்தான் இருக்கு" என்றார்.

முதல் டம்ளருக்கு நான் பக்கத்தில் நிற்பேன். இரண்டாவதற்கு நான் கடைக்குப் போகிறேன். எந்தக் கடை, எப்போது வருவேன் என்று மட்டும் கேட்காதே.

அக்கா